எண்ணெய் மில் மேனேஜரின் மகள்

பதினெட்டு வருடங்களாக ஒரே பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் காத்திக் எனப்படும் திகில், மர்ம நாவல்கள். தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், இரண்டாம் ஆண்டு இளங்கலைப் பிள்ளைகளுக்கு. பாதிப் பேர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்து வகுப்பில் அந்தத் தூக்கத்தைத் தொடர்கிறவர்கள். லண்டன் பனிமூட்டத்தை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? ஜன்னலைத் திறந்து மலையைக் காட்டுவேன். ஜூன், ஜூலையில் சாரல் இறங்கிவிட்டால் மலை பாதிதான் தெரியும். "தெரியாத மீதிதான் இந்த நாவல் எல்லாம்" என்பேன். அதைச் சிலர் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

கதைகள் ஏறக்குறைய ஒரே அச்சுதான். ஊரில் ஒரு பெரிய மனிதர். வைத்தியராகவோ, வக்கீலாகவோ, நிலம் நீச்சு உள்ளவராகவோ இருப்பார். பகலில் எல்லோரும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வார்கள். அவர் வீட்டில் பூட்டிய அறை ஒன்று இருக்கும். அறைக்குள் இருப்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று முந்நூறு பக்கத்துக்குப் பயந்துகொண்டே இருப்பார். இரட்டைத்தன்மை, ரகசியம், நற்பெயர் என்று மூன்று தலைப்பு போட்டு நான்கு பக்கம் நோட்ஸ் கொடுத்துவிடுவேன். பரீட்சையில் அப்படியே திரும்பி வரும்.

ஒரு வருடம் கடைசி பெஞ்சில் இருந்த பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். "மேடம், அந்த ஆளு முதல்லயே வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லித் தொலைச்சிருந்தா கதை முடிஞ்சிருக்கும்லா?"

"முடிஞ்சிருக்கும்" என்றேன். "அதனாலதான் சொல்லலை." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த நாவல்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. வகுப்பில் சொன்னதில்லை. ஒளித்துவைத்த ஆள்தான் அவற்றில் எப்போதும் கெட்டவன். வெளியே தெரிகிற ஆள் கனவான், உள்ளே இருக்கிறவன் மிருகம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. எங்கள் வீட்டில் ஒளித்துவைக்கப்பட்ட ஆள், நான் பார்த்தவரை, வெளியே தெரிந்த ஆளைவிட நல்லவர்.

என் அப்பா ஒரு அரிசி மில்லில் மேனேஜராக இருந்தார். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது மில்லை இழுத்து மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள், குற்றாலம் போகிற வழியில் ஒரு எண்ணெய் மில்லில் மேனேஜர் வேலை கிடைத்துவிட்டது என்றார். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மறுநாள் காலையிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடி, கையில் ஒரு மஞ்சள் பை என்று புறப்பட்டுப் போவார். தெருவில் "மேனேஜர் அண்ணாச்சி" என்ற பெயர் அப்படியே நீடித்தது. அதில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி.

சாயங்காலம் வரும்போது எண்ணெய் வாசனை அடிக்கும். எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிறவர் மேல் வேறென்ன வாசனை அடிக்கும்? பொய் சொல்லுவதென்றால் அப்படி யோசித்துச் சொல்ல வேண்டும். அம்மா அவர் துணியைத் தனியாக வெந்நீரில் போட்டுக் கசக்கிக்கொண்டே, "மேனேஜரை எண்ணெயிலயே முக்கி எடுக்காவளா என்ன?" என்பாள். அப்பா பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார். அம்மாவுக்கு உண்மை தெரியுமா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது பத்தொன்பது வயதில்.

கல்லூரி இரண்டாம் வருடம், குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும், வகுப்புப் பெண்கள் எல்லோருமாக அருவிக்குப் போனோம். சரியான கூட்டம். அருவிக்குப் போகிற பாதையில் ஓரமாக, பலகைகள் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர் ஆண்கள் குப்புறப் படுத்திருக்க, இடுப்பில் எண்ணெய்க் கறை ஏறிய துண்டு மட்டும் கட்டியவர்கள் முதுகில் சளார் சளார் என்று தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பலகையில் அப்பா. வெறும் மேல். கண்ணாடி இல்லை. கண்ணாடி இல்லாத அப்பாவின் முகத்தை நான் தூங்கும்போதுதான் பார்த்திருக்கிறேன். ஒரு தடித்த மனிதரின் தோளில் இரண்டு கட்டைவிரல்களையும் ஊன்றி, மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டு வந்தார். மிகவும் கவனமாகச் செய்தார். அந்த மனிதர் கண்ணை மூடிச் சொக்கிப்போய்க் கிடந்தார்.

நான் தோழியின் குடைக்குப் பின்னால் போய்விட்டேன். கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்குப் பத்தடி தாண்டி ஆள் அடையாளம் தெரியாது. ஆனாலும் ஒளிந்தேன்.

"ஏட்டி, என்னத்தப் பாக்க?" என்றாள் தோழி.

"ஒண்ணுமில்ல. குரங்கு" என்றேன்.

குற்றாலத்தில் குரங்குக்கா பஞ்சம்? அவள் நம்பினாள். அன்றைக்கு அருவியில் நின்றேன், மிளகாய் பஜ்ஜி தின்றேன், போட்டோ எடுத்தபோது சிரித்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் காபி கொடுத்தேன்.

வெளியூர் ஆட்களுக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றலாம். எங்கள் சனத்தில் அடுத்தவன் உடம்பைத் தொட்டுப் பிழைப்பது கேவலம். கடன் வாங்கித் தின்னலாம், தாத்தா நிலத்தை விற்றுத் தின்னலாம், ஒரு வேலையும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். முதுகு தேய்க்கக் கூடாது. தெரிந்தால் பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காரத் தயங்குவார்கள். முட்டாள்தனம்தான். அந்த முட்டாள்தனத்துக்கு நானும் தலையாட்டினேன் என்பதால் பெரிதாகத் திட்டுவதற்கு எனக்கு வாய் இல்லை.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். "பாத்தேன்பா, பரவாயில்ல" என்று இரண்டு வார்த்தை. சொன்னால் அவர் கூனிக்குறுகிப்போய்விடுவார் என்று நினைத்தேன். மேனேஜராகவே இருக்கட்டும் என்று விட்டேன். அது பெருந்தன்மை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் எனக்கு வரன் வந்தது. பெரியப்பா கொண்டுவந்தது. திருவேங்கடம் பக்கம் கரிசல் நிலம் உள்ள குடும்பம், மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. பெண் பார்க்க ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சீசனில் பெண் பார்க்க வருகிற எல்லோரும் செய்வதை அவர்களும் செய்தார்கள். காலையிலேயே வேன் பிடித்து வந்து குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார்கள். எல்லார் தலையும் படிய வாரியிருந்தது. எல்லார் மேலும் அப்பாவின் வாசனை.

அப்பா அன்றைக்குக் காலையில் "மில்லுல ஒரு அவசர வேலை" என்று போய், மத்தியானம்தான் திரும்பினார். சோறு வேண்டாம் என்றார். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பித்தானைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார்.

நான் உள்ளறையில் கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா நல்ல ஆகிருதி, நல்ல குரல். பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு எங்கள் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணாச்சி, என்ன இருந்தாலும் ஒங்க ஊரு எண்ணெய்க் குளியல் ஒரு தனி சொகம். காலையில ஒரு ஆளு தேய்ச்சான் பாருங்க, கையா அது! தொட்டதும் கண்ணு சொக்கிட்டு. மனசுல இருக்க பாரத்தையெல்லாம் எறக்கி வச்சிட்டேன்."

"அப்படியா" என்றார் அப்பா.

யார் கை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. இப்போது நிமிர்ந்து பார்ப்பார், அடையாளம் கண்டுவிடுவார், கதை முடிந்தது என்று நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் நன்றாக நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் இருந்தார். குப்புறப் படுத்திருந்தவருக்கு எண்ணெய்க்காரன் முகம் எப்படித் தெரியும்? எழுந்த பிறகும் யார் அதைப் பார்க்கிறார்கள்? தப்பித்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது. கேசரியைக் கொண்டுபோய் வைத்து நமஸ்காரம் பண்ணினேன்.

அவர்கள் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

"ம்."

"பிடிக்கலன்னா சொல்லு. நான் வேண்டாம்னு சொல்லிருதேன். காரணம்லாம் நீ சொல்ல வேண்டாம்."

"பிடிச்சிருக்குப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு தாயி. ஒண்ணும் அவசரமில்ல."

அப்பாவுக்கு என்னைப் பிரிய மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் கணக்கு வேறு. தாமதித்தால் அவர்கள் நாலு இடத்தில் விசாரிப்பார்கள். எந்த எண்ணெய் மில், முதலாளி யார் என்று கேட்பார்கள். கேட்பதற்கு முன்னால் தாலி ஏறிவிட வேண்டும். "யோசிக்க என்ன இருக்கு, சீக்கிரம் முடிங்க" என்றேன். அப்பா மணிக்கட்டுப் பித்தானை அவிழ்த்துவிட்டு, சரி என்று எழுந்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

கோயம்புத்தூரில் பதினோரு மாதம் இருந்தேன். அதைப்பற்றி எழுத அதிகம் இல்லை. ஒரு நாள் கணவரின் வண்டிப் பெட்டியில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடியபோது ஒரு பள்ளிக்கூட டைரி கிடைத்தது. எல்.கே.ஜி. தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர். தாய் பெயர் இருக்கும் இடத்தில் இன்னொரு பெண். இரண்டு தெரு தள்ளி அவர்களுக்கு வீடு இருந்தது. நான் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே இருந்தது. ஆகவே உண்மையில் இரண்டாவது குடும்பம் நான்தான். டைரியில் ஒரு பக்கத்தில் "நகம் வெட்டி அனுப்பவும்" என்று மிஸ் எழுதியிருந்தார். அதை மட்டும் ஏனோ மறக்கமுடியவில்லை.

அழவில்லை. சண்டை போடவில்லை. அவர் முன்னால் டைரியை வைத்தேன். அவர் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் வருகிறேன் என்று மட்டும் அப்பாவுக்குப் போனில் சொல்லிவிட்டுச் சூட்கேசோடு பஸ் ஏறினேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சூட்கேசை வாங்கிக்கொண்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டார். ஏன் வந்தாய் என்று கேட்கவே இல்லை. அந்தப் பண்பை நினைத்து நான் அப்போது பெருமைப்பட்டேன்.

ஊர் தன் பங்குக்குக் காரணம் கண்டுபிடித்தது. டீச்சருக்கு வாய் ஜாஸ்தி, படிச்ச திமிர், புருஷனை மதிக்கலையாம். அங்கே மாப்பிள்ளை வீட்டார் தலைநிமிர்ந்துதான் நடந்தார்கள். நான் மறுபடி அதே கல்லூரியில் அதே பாடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று வருடத்தில் அம்மா போனாள். அப்பா "மில்லில்" இருந்து ஓய்வு பெற்றார். லோன் போட்டுக் குத்துக்கல்வலசையில் ஒரு சின்ன வீடு கட்டி இருவரும் வந்துவிட்டோம். காலையில் இட்லி, சாயங்காலம் டி.வி., இடையில் லண்டன். எதுவும் உறைக்கவில்லை. உறைக்காமல் இருப்பது வசதியாகத்தான் இருந்தது.

இந்த ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே சாரல். பெரியப்பா மகன் போன் செய்தான். திருவேங்கடத்தில் என் மாமனாராக இருந்தவர் முந்தின நாள் இறந்துவிட்டாராம். அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது, காது நன்றாகக் கேட்கும்.

"போய்ட்டாராக்கும்" என்றார். எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் எந்த மில்லுலயும் வேலை பாக்கல தாயி."

நான் சிவப்புப் பேனாவை மூடினேன்.

"குத்தாலத்துல எண்ணெ தேய்ச்சேன். பதினாலு வருசம். வெள்ளை வேட்டியை லாட்ஜுல ஒரு ஆணியில மாட்டிட்டு, துண்டைக் கட்டிக்கிடுவேன்." நிறுத்தினார். என் முகம் அவருக்கு இப்போது மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அதற்காகத்தான் கழற்றியிருக்கிறார். "ஒன்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் காலையில அந்த ஆளுக்கு நான்தான் தேய்ச்சேன்."

விடைத்தாள்களை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

"படுத்துக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்தாரு. சாயங்காலம் தென்காசில பொண்ணு பாக்கப் போறோம், மில்லு மேனேஜரு மக, காலேஜ்ல பாடம் எடுக்கான்னாரு. எனக்குக் கை நின்னுட்டு. நிக்க விடப்படாதுன்னு தேய்ச்சேன். பெறவு சொல்லுதாரு, பையனுக்குக் கோயம்புத்தூர்ல ஒரு தொடுப்பு இருக்கு, இந்தப் பிள்ளையக் கட்டி வச்சா விட்டுருவான், வீட்டுல பொம்பளையளுக்கே தெரியாது, ஒங்கிட்டதான் சொல்லுதேன், நீ யாரு நான் யாருன்னாரு."

சாரல் ஜன்னல் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு ஆள்ட்டதான் சொல்லிருக்காரு. நான் வாயைத் தொறந்தா, யாரு சொன்னான்னு அவருக்கு உடனே தெரிஞ்சிரும். பெறவு ஊருக்கே தெரியும். ஊரு கெடக்கட்டும். ஒனக்குத் தெரியும். எங்கப்பன் முதுகு தேய்ச்சுதான் என்னையப் படிக்க வச்சானான்னு நீ நெனச்சிட்டன்னா? அதை என்னால தாங்க முடியாது. அதான் ஒங்கிட்ட மாத்தி மாத்திக் கேட்டேன். நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுவன்னு பாத்தேன். நீ சீக்கிரம் முடிங்கன்னுட்ட."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். நியாயமாக வர வேண்டும். பெற்ற மகளைவிட ஒரு பெயர் பெரிதாகப் போய்விட்டதா என்று மேஜையைத் தட்டிக் கேட்கலாம், கேட்டால் யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். வரவில்லை. உள்ளே ஒரே ஒரு விஷயம்தான் மெதுவாக ஓடியது. குடைக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண், வீட்டுக்குப் போய்க் காபி கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், இவருக்கு என்னிடம் மறைக்க ஒன்றும் இருந்திருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைத் தள்ளிவிட்டு என்னிடம் வந்திருப்பார். அவர் என்னைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தது அவருடைய ரகசியத்தைக் காப்பாற்ற. நான் சரி சரி என்றதும் அதே ரகசியத்தைக் காப்பாற்றத்தான். ஒரே பூட்டை இருவரும் இரண்டு பக்கம் நின்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பதினெட்டு வருடம் நோட்ஸ் கொடுத்திருக்கிறேன். கடைசி பெஞ்சில் இருந்த பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியே" என்றார் அப்பா.

"நீங்க எண்ணெய் தேய்ச்சது எனக்குத் தெரியும்பா."

அவர் தலை நிமிர்ந்தது. கை மேஜைமேல் கண்ணாடியைத் தேடியது. எடுத்து மாட்டிக்கொண்டார். இப்போது என் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"எப்பருந்து?"

நான் அவர் கண்களைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"கோயம்புத்தூர்ல இருந்து திரும்பி வந்த பெறவு. காலேஜ்ல யாரோ சொன்னாவ."

"கல்யாணத்துக்கு முன்னால தெரியாது?"

"தெரியாது."

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். தோள் இரண்டும் இறங்கின. அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது.

"அப்பச் சரி" என்றார். "ஒனக்கு முன்னாலயே தெரியும்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சிருந்தா, அன்னைக்கு மத்தியானமே சொல்லிருப்பேன்."

"அது தெரியும்பா" என்றேன். "ரசம் ஆறிட்டிருக்கும். வாங்க, சாப்பிடலாம்."